ஐந்தாவது பஞ்சாரம்

ஊர் நிலமெல்லாம் சொந்தமான கரட்டுப்புதூர் மிட்டாதாருக்குத் தகப்பன் வைத்த பேர் ரங்கன். நாமக்கல்லில் ஒரு வக்கீலோடு இரண்டு வருஷம் பழகியதில் அது ரங்கபூபதி ஆயிற்று. முன்னால் ராவ் சாகிப் என்று வெள்ளைக்கார சர்க்கார் கொடுக்கிற இரண்டு சொல் சேர்ந்துவிட்டால் பேர் முழுசாகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அதற்காகத்தான் வான்கோழி.

முப்பத்தாறாம் வருஷம் மார்கழி. கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் வெள்ளைக்கார சப்-கலெக்டர் எருமப்பட்டிப் பக்கம் முகாம் போடுவதாகவும், ஒரு நாள் கரட்டுப்புதூர்க் காட்டில் கௌதாரி சுட்டுவிட்டு மிட்டாதார் வீட்டில் சாப்பிடுவதாகவும் ஏற்பாடு. வெள்ளைக்காரர்கள் பண்டிகைக்கு வான்கோழி தின்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சேலத்திலிருந்து ஒரு ஜோடி வான்கோழியும், அதைச் சமைக்கத் தெரிந்த அமிர்தசாமி என்ற பட்லரும் ஒரே மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் சேவல் கொத்தியதில் அமிர்தசாமியின் கையில் துணி சுற்றியிருந்தது.

ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. மாட்டு ஈரலைக் கழுத்தில் தொங்கவிட்ட மாதிரி ஒரு கோழி, கோபம் வந்தால் மூஞ்சி நீலமாகிறது என்றால் யார்தான் போகமாட்டார்கள்? கடலைக்காய் பறிப்பு அன்று மத்தியானம் வரை நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டை வான்கோழியைக் காணோம்.

புதன்கிழமை காலையில் சின்னானுடைய குடிசை வேலியோரம் நாலு இறகு கிடந்தது. இறகைக் கண்டுபிடித்தவர் மிட்டாதாரின் காரியஸ்தர் சின்னுசாமி. அவர் கண்டுபிடித்த முதல் பொருள் அதுதான் என்பதால், நாலு இறகையும் வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டார்.

சின்னானும் அவன் பெண்டாட்டி ஆராயியும் மிட்டாதார் காட்டில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பனி இன்னும் இறங்கவில்லை. கொல்லிமலை இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தது. வரப்பில் ஒரு செவலை நாய் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது.

"சின்னான், எந்திரி. எசமான் தீர்ப்புச் சொல்லிட்டாரு," என்றார் சின்னுசாமி.

"என்ன தீர்ப்புங்க?"

"உன்ற நாயிதான் வான்கோளியக் கொன்னுருக்குது. கோளியக் கொன்ன நாயச் சுடறதுன்னு ஊர் முன்னால எசமான் வாக்குக் குடுத்தாச்சு. நாளைக்குக் காலைல நாயப் புடிச்சுக்கிட்டு வந்து சேரு."

சின்னான் கையிலிருந்த செடியைக் கீழே போடவில்லை. "என்ற நாயி கோளியத் தொடாதுங்க. ஊருல ஆர வேணும்னாலும் கேளுங்க. ஊட்டுக்கோளி வாசம் வந்தா அவ கொட்டாவி உடுவா."

"கொட்டாவியா?"

"ஆமாங்க. ஒவ்வொரு பட்சிக்கும் ஒவ்வொண்ணு செய்வா. நீங்க எந்தப் பட்சியக் கொண்டாந்து மூடி வெச்சாலும், அவ நிக்கறதப் பாத்து நான் பேரு சொல்றேன்."

வாய் தவறி வந்த பேச்சுதான். ஆனால் சின்னுசாமி அதையும் தட்டில் வைத்துக்கொண்டு போய் மிட்டாதாரிடம் கொடுத்துவிட்டார்.

சின்னான் சொன்னதில் பொய் இல்லை. நாயின் பேர் மூக்காயி. ஊர்த் தலையாரி பெண்டாட்டி பேரும் அதேதான் என்பதால் அந்த அம்மாள் மூன்று வருஷமாகச் சின்னானோடு பேசுவதில்லை. மூக்காயிக்கு அழகு கிடையாது. ஒரு காது மடங்கியிருக்கும், வால் பாதியில் வளைந்திருக்கும். மூக்கு மட்டும் கறுப்பாக, எந்நேரமும் ஈரமாக, தனியாக ஒரு உயிர் உட்கார்ந்திருக்கிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும்.

கௌதாரி வாசம் பட்டால் வலது முன்னங்காலைத் தூக்கி அப்படியே நின்றுவிடும். வளைந்த வாலும் நேராகிவிடும். காடை என்றால் படுக்காமலே வயிற்றைத் தாழ்த்தும், வால் நுனி மட்டும் நடுங்கும். கொக்குக்குத் தும்மல் போடும். மீன் கவுச்சி ஆகாது. காட்டுக்கோழி மலையடிவாரத்தில் எங்காவது மிதித்துவிட்டுப் போயிருந்தால் அழ ஆரம்பிக்கும். இதெல்லாம் உயிரோடிருக்கிற பறவைக்கு, நின்ற வாக்கில் செய்வது. புதரில் செத்து விழுந்து கிடக்கிற பறவையானால் பக்கத்தில் போய்ப் படுத்து, மோவாயை முன்னங்கால் மேல் வைத்து, வாலால் தரையைத் தட்டும். வந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஊரில் பாதிப் பேர் அப்படி அது காட்டிக் கொடுத்ததைத் தின்றவர்கள். அவர்களுக்கும் இந்த பாஷை தெரியும்.

மிட்டாதாருக்கும் ஒரு நாய் உண்டு. டியூக். மதராஸிலிருந்து வந்தது. வெள்ளை உடம்பில் காப்பிக் கொட்டை நிறத் திட்டு. அதோடு வேட்டை நாய்களைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புஸ்தகமும் வந்தது. மிட்டாதார் அதில் படங்களை முழுவதுமாகப் படித்திருந்தார். ஆகவே சின்னுசாமி கொண்டுவந்த சேதியைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பொங்கியது.

"பரீட்சை வைப்போம். சயின்ஸ்படி. அஞ்சு பஞ்சாரம் கவுத்து, அஞ்சுக்குள்ளயும் அஞ்சு பட்சி. ஒண்ணு தப்பினாலும் சுட்டுருவேன்."

"அஞ்சாவதுல எதை வெக்கலாமுங்க?" என்று சின்னுசாமி கேட்டார். கேட்டபடியே சேவல் வான்கோழி இருந்த பக்கம் பார்த்தார். "பேரச் சொல்லலைன்னா பரீட்சை தோத்துது. சொல்லிட்டா, வான்கோளி வாசம் அந்த நாய்க்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கலாமுங்க."

மிட்டாதார் அவரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் சின்னான் கம்பங்கூழைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குடிக்க முடியவில்லை. மூக்காயிக்கு ஒரு கை ஊற்றினான்.

"நீ ஒண்ணும் பயப்படாத புள்ள," என்று ஆராயியிடம் சொன்னான். "எந்தப் பட்சிய வெச்சாலும் சொல்லிருவேன்."

ஆராயி அடுப்பைக் கிளறிக்கொண்டே, "ஏனுங்க, செவ்வாக்கெழம ராத்திரி தின்னீங்களே, அது என்ன கறின்னு நெனச்சீங்க?" என்றாள்.

"கேட்டனா நானு? கேக்கலையே."

"அதான், ஏன் கேக்கலைங்கறேன்."

"மயிலா இருந்துதுன்னா? முருகனோட வாகனத்தத் தெரிஞ்சு தின்னாப் பாவம். தெரியாமத் தின்னாக் கறி."

"மயிலில்லீங்க. வான்கோளி."

கூழ்ச் சட்டி சின்னான் கையில் சாய்ந்தது. "அடிப்பாவி! என்ற நாயி அடிச்சுதா?"

"ஒத்தப் பல்லுக்கூட இவ போடல. கள்ளி வேலிக்கு அடியில செத்துக் கெடந்துச்சு. கழுத்துல பல்லு எறங்கியிருந்துச்சு. இவ படுத்து வாலத் தட்டுனா, நான் போயி எடுத்தேன். சூடுகூட ஆறல. என்ன பண்ணச் சொல்றீங்க, பொதைக்கவா?"

"மிட்டாதார் ஊட்டுல போயிச் சொல்லியிருக்கோணும்."

"சொன்னா, செத்துக் கெடந்துச்சுன்னு நம்பிருவாங்களாக்கும். கடலை பொறுக்கற கையில வான்கோளி எப்படி வந்துச்சும்பாங்க."

"அடிச்சது ஆரு?"

"ஆரு கண்டா. கீரியோ நரியோ."

சின்னான் நாயைப் பார்த்தான். அது கூழை நக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. அவன் பறவை விஷயத்தில் ஊரை ஏமாற்றியதில்லை. நாய் அவனை ஏமாற்றியதில்லை. அவள் சமைத்த கறியை மட்டும் அவன் கண்டுபிடிக்கவில்லை.

"அந்த வாசம் வந்தா இவ மறைக்க மாட்டா, ஆராயி," என்றான். "இவளுக்குப் பொய் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமில்ல? வாங்க போலாம்."

மிட்டாதார் வீட்டுக் களத்தில் அத்தனை கூட்டம் மாரியம்மன் நோன்புக்குக்கூடக் கூடியதில்லை. புளியமரத்தில் பையன்கள் தொங்கினார்கள். எருமப்பட்டிச் சந்தைக்குப் போக வேண்டியவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். களத்தின் நடுவில் கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரம் ஐந்து, இருபதடிக்கு ஒன்றாக. மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது.

மிட்டாதார் கோட்டுப் போட்டு, கடிகாரச் சங்கிலி தொங்க, பிரம்பு நாற்காலியில் இருந்தார். மடியில் துப்பாக்கி. பக்கத்தில் டியூக், மூக்கில் ஒரு துணிக்கட்டோடு படுத்திருந்தது.

"அதோட மூக்குல என்னங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"சீமை நாய். நம்மூர் முள்ளு ஒத்துக்கல," என்றார் மிட்டாதார்.

சின்னான் ஒரு கை மண்ணை அள்ளித் தூவினான். காற்று மலைப் பக்கமிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. பனி ஈரம், இளங்காற்று. வாசம் தரையை விட்டு எழும்பாமல் நிற்கும். நல்ல வேட்டைக்கு இதைவிடத் தோதான காலை கிடையாது. இன்றைக்குப் பார்த்தா இப்படி விடியவேண்டும் என்று நொந்துகொண்டான்.

"உடு நாய!" என்றார் மிட்டாதார்.

மூக்காயி காற்றுக்கு எதிராகப் போயிற்று. முதல் பஞ்சாரத்துக்குப் பத்தடி இருக்கும்போதே ஆணியடித்த மாதிரி நின்றது. வலது முன்னங்கால் மேலே. வால் நேராக.

"கவுதாரி!" என்று சின்னான் சொல்வதற்குள் கூட்டமே சொல்லிவிட்டது. சின்னுசாமி சாக்கைத் தூக்கினார். கௌதாரி. சீட்டி பறந்தது.

இரண்டாவதில் அது வயிற்றைத் தாழ்த்தியது. சின்னான், "காடைங்க. ஒண்ணில்ல, ரெண்டோ மூணோ இருக்கோணும், நடுக்கம் சாஸ்தியா இருக்குது," என்றான். சாக்கைத் தூக்கினால் மூன்று காடை. புளியமரத்திலிருந்து ஒரு பையன் சந்தோஷத்தில் கீழே விழுந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது பஞ்சாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்காயி வாயைப் பிளந்து சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டது.

"ஊட்டுக்கோளிடா சாமி!" என்று முத்தாயம்மாள் என்ற கிழவி கத்தினாள். "என்ற கோளிதான் அது! நேத்துச் சாயங்காலம் சின்னுசாமி புடிச்சுக்கிட்டுப் போனது! பாருங்க, அதப் பாத்தே கொட்டாவி உடறா, இவளா கோளியக் கொல்லுவா?"

நாலாவதில் தும்மல். கொக்கு. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. தலையாரி பெண்டாட்டிகூட, "என்ன இருந்தாலும் பேருக்கு ஏத்த மூக்குதான்," என்று மூன்று வருஷக் கோபத்தைக் கைவிட்டாள். மிட்டாதார் இங்கிலீஷ் புஸ்தகத்தில் விரல் வைத்திருந்த பக்கத்தை மாற்றினார்.

ஐந்தாவது பஞ்சாரம் கொஞ்சம் பெரியது. சாக்கு இரண்டாகப் போட்டிருந்தது.

மூக்காயி போயிற்று. பாதி வழியில் மூக்கு எழும்பியது. நாய் நேராகப் பஞ்சாரத்தடிக்குப் போய், காலை மடக்கிப் படுத்தது. மோவாயை முன்னங்கால் மேல் வைத்தது. ஆராயி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்து, வாலால் களத்தைத் தட்டியது. தப், தப், தப்.

"செத்த பட்சியா வெச்சிருக்காங்க?" என்று கூட்டத்தில் முணுமுணுப்பு.

"சொல்லுடா. என்ன பட்சி?" என்றார் மிட்டாதார். துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்தார்.

சின்னானுக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் பரீட்சை தோற்றது, சுடுவார்கள். பேரைச் சொன்னாலும் சுடுவார்கள். ஆராயி தூரத்திலிருந்து, பொய் சொல்லு என்று கண்ணால் சொன்னாள். என்ன பொய் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. நாய் வாலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"வான்கோளிங்க," என்றான் சின்னான்.

சின்னுசாமி குதித்தார். "அப்படிச் சொல்லு! வந்து மூணு நாளாகாத பட்சி! அதோட வாசம் இந்த நாய்க்கு எப்படித் தெரிஞ்சுது? கவ்வித்தான தெரிஞ்சுது? எசமான், அகப்பட்டுக்கிச்சுங்க!"

மிட்டாதார் எழுந்தார். துப்பாக்கிக் குதிரை ஏறுகிற சத்தம் களம் முழுக்கக் கேட்டது. நாய் அசையவில்லை. யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தது.

சின்னான் ஓடிப் போய் நாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றான். "உள்ள இருக்கறது உசுரோட இருக்குதுங்களா, செத்துதுங்களா?"

"உசுரோடதான்டா."

"நாலு பஞ்சாரத்துக்கும் நின்னுதான காட்டுனா? உசுருள்ளதுக்கு அவ நிப்பா. செத்ததுக்குத்தான் படுப்பா. கேட்டுப்பாருங்க ஊர!"

"ஆமாமா!" என்றது ஊர்.

"இது உசுரோட இருக்கறப்பவும் ஏன் படுத்தா? இந்த வாசத்த அவ உசுரோட கண்டதே இல்லீங்க! செத்துத்தான் கண்டிருக்கா! தொரத்திப் புடிச்சிருந்தா, நின்னு காட்டியிருப்பாளுங்க!"

மிட்டாதாருக்குப் புஸ்தகத்தில் அப்படி ஒரு படம் இருந்ததாக ஞாபகம் வரவில்லை. ஆனாலும் விஷயம் அவருக்கு எட்டிவிட்டது. துப்பாக்கி முனை கொஞ்சம் தாழ்ந்தது.

"சரி. செத்த வான்கோழி எங்கே?"

சின்னானின் கை தன்னை அறியாமல் வயிற்றுக்குப் போயிற்று.

"தின்னுட்டோமுங்க."

முதலில் சிரித்தது முத்தாயம்மாள். பிறகு புளியமரம். பிறகு களம் முழுக்க. அதுவரை வாய் திறக்காமலிருந்த பட்லர் அமிர்தசாமி முன்னால் வந்தார்.

"என்ன போட்டும்மா சமைச்சே?" என்று ஆராயியைக் கேட்டார்.

"கொள்ளுப் போட்டுங்க."

"கொள்ளா? சேசுவே! சேலத்துல நாலு தொரை ஊட்டுல சமைச்சவன் நான். வான்கோழிக்குக் கொள்ளா?"

"ருசி ஒண்ணும் இல்லீங்க," என்றான் சின்னான், குற்றத்தைக் குறைக்கிற எண்ணத்தில். "கவுதாரி மாதிரி வராது. தொடை ரெண்டு சொமை வெறகுக்கும் வேகல."

"அது எப்படிய்யா வேகும்? அதுக்கு..."

"நிறுத்துங்க!" என்றார் மிட்டாதார். "இந்த நாய் கொல்லலைன்னா வேற எது கொன்னது?"

ஆராயி இதற்குள் டியூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது பஞ்சாரப் பக்கம் காற்று திரும்பும்போதெல்லாம் அது நாற்காலிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு நாயி மோந்தாச்சுங்க சாமி," என்றாள். "உங்கூட்டு நாயும் ஒருக்கா மோந்து காட்டட்டும். பெரிய படிப்புப் படிச்ச நாயின்னு சொன்னாங்க."

"தாராளமா!" மிட்டாதார் சங்கிலியைப் பிடித்தார். "டியூக், கம்மான்!"

டியூக் எழுந்தது. ஐந்து தப்படி வந்தது. காற்று முகத்தில் பட்டதும் நாலு காலையும் மண்ணில் ஊன்றியது. வால் வயிற்றுக்குள் போயிற்று. மிட்டாதார் இழுத்தார். களம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அது நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அந்த நேரம் பார்த்துப் பஞ்சாரத்துக்குள் சேவல், அலகில் கட்டியிருந்த துணியை உதறிவிட்டு, மூன்று நாள் கோபத்தையும் சேர்த்து ஒரு சத்தம் போட்டது. டியூக் ஊளையிட்டு எஜமானின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து நாற்காலிக்கு அடியில் ஓடப் பார்த்தது. மிட்டாதாரும் நாற்காலியும் கடிகாரச் சங்கிலியும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

அமிர்தசாமி நாயைப் பிடித்தார். மூக்குக் கட்டை அவிழ்த்து, தன் கையில் சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே மாதிரிக் குழி.

"இது முள்ளு இல்லீங்க எஜமான்," என்றார். "சேவல் கொத்து. பெட்டையை இது அடிச்சிருக்கு, இதைச் சேவல் அடிச்சிருக்கு."

சின்னுசாமி நாலு இறகு இருந்த வெற்றிலைத் தட்டைத் துண்டுக்குள் மறைத்தார்.

மிட்டாதார் எழுந்து மண்ணைத் தட்டினார். துப்பாக்கி கீழே கிடந்தது. கோழியைக் கொன்ற நாயைச் சுடுவேன் என்று அவர் சொன்னதைக் கேட்காதவர் அந்தக் களத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டியூக் தவழ்ந்து வந்து அவர் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது. மிட்டாதாரின் முகத்திலிருந்து ராவ் சாகிப் போய், ரங்கபூபதி போய், ரங்கன் மட்டும் மிஞ்சியது. அந்த நாயை அவர் தட்டில் சோறு போட்டு வளர்த்திருந்தார்.

"சின்னான்," என்றார், குரலே இல்லாமல். "என்னடா பண்றது?"

சின்னான் துப்பாக்கியை எடுத்துச் சின்னுசாமி கையில் கொடுத்தான். "இதுக்கெதுக்குங்க சாமி துப்பாக்கி? குட்டியில எல்லா நாயும் செய்யறதுதான். இவளும் ஒரு குஞ்சப் புடிச்சா. அத அவ கழுத்துலயே கட்டி மூணு நாள் உட்டோம். எங்க போனாலும் அந்த நாத்தம் கூடவே போச்சு. சோறு எறங்கல. அன்னையில இருந்துதான் அந்தக் கொட்டாவி."

"வான்கோழியத்தான் தின்னுட்டீங்களே."

"றெக்க இருக்குதுங்க," என்றாள் ஆராயி. "மாவு திரிக்கற கல்லெந்திரத்துல மாவு கூட்டறதுக்குன்னு எடுத்து வெச்சேன்."

அவள் ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். சரியாகக் காயாத இறக்கை. பக்கத்தில் வந்ததும் அமிர்தசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார். சின்னான் சணல் கயிறு திரித்துக் கொடுத்தான். ஆனால் இறக்கையைக் கண்டதும் டியூக் யாரையும் அண்டவிடவில்லை. சின்னான் கையை நீட்டினால் உறுமியது, சின்னுசாமியைக் கடிக்கவே போயிற்று. எஜமான் கைக்கு மட்டும் தலையைக் கொடுத்தது.

"நீங்கதான் கட்டோணுமுங்க," என்றாள் ஆராயி. "நின்னுக்கிட்டுக் கட்ட முடியாது. கீழ உக்காருங்க சாமி."

மிட்டாதார் களத்தைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார். பிறகு சரிகை வேட்டியைத் தூக்கிக்கொண்டு, நாய் நனைத்திருந்த மண்ணுக்குப் பக்கத்தில் குந்தினார். கயிற்றைச் சுற்றினார். அவர் தன் கையால் முடிச்சுப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ, விரல் பின்னிக்கொண்டது. டியூக் அவர் காதை நக்கியது. ஒருவழியாக முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஆராயி குனிந்து, ஒரு விரலால் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இது நிக்காதுங்க," என்றாள். "அவுத்துட்டு மறுக்காக் கட்டுங்க."

மிட்டாதார் அவிழ்த்தார்.